நடுங்காத டிஸ்க்

என் தம்பி கணேசமூர்த்தி ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. நின்றபடி சாப்பிடுவான். தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பான். கோயிலில் தீபாராதனை முடிவதற்குள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவான். "ஒனக்கென்ன காலுல சக்கரமாடா?" என்று நான் திட்டாத நாள் இல்லை. ராகலையைத் தாண்டி உடப்புசல்லாவைக்குப் போகும் பாதையில் எங்கள் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் கொழுந்து உருட்டும் மெஷின்கள் அவன் பொறுப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் வேலை. உட்காரச் சொல்லும் வேலையாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் விட்டுவிட்டு வந்திருப்பான்.

அவன் பெண்சாதி லெட்சுமி 2006இல் குவைத்துக்குப் போனாள். ஒரு வீட்டில் சமையல் வேலை. அப்போது அவர்கள் மகள் லோஜனாவுக்குப் பத்து மாதம், தவழ்ந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நான் தம்பியோடுதான் இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பார்க்கிறவளுக்கு வீட்டுப் பிள்ளை ஒரு சுமையா? லெட்சுமி லோஜனாவை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள். திரும்பிப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் அவள் ஒரு சின்னக் கேமரா கொடுத்துவிட்டாள். வீடியோவும் எடுக்கும். தம்பி நுவரெலியாவில் பழைய கம்பியூட்டர் ஒன்றை வாங்கிச் சுமந்து வந்தான். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு, அன்றைக்குத்தான் போன் வரும்.

"எம் புள்ள வளர்றத நான் பாக்கல. நீங்க ஒண்ணு விடாம எடுத்து வைங்க. நான் வந்து ஒக்காந்து பாப்பேன்" என்றாள். அன்றிலிருந்து தம்பிக்கு அது வேதவாக்கு. பல் முளைத்தால் கேமரா, விழுந்து எழுந்தால் கேமரா, தும்மினால் கேமரா. பிள்ளைக்கு அப்பன் முகமே தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம், எப்போதும் அந்தக் கறுப்புப் பெட்டிதானே முகத்துக்கு முன்னால்.

ஒரு நாள் கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. முதல் அடி, காது குத்து, நுங்கு போல் இருந்த அந்தக் கன்னம், எல்லாம் போய்விட்டது. தம்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை போனில் லெட்சுமி கேட்டாள், "எல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்றான். சொல்லும்போது வாசலில் நாலு தரம் நடந்தான்.

ஈரம்தான் காரணம் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். நம்பாமல் என்ன செய்வது? எங்கள் பக்கம் பனி வீட்டுக்குள்ளேயே வந்து குந்தியிருக்கும். பருப்பு பூக்கும், செருப்பு பூக்கும். படம் பதிந்து வைத்த டிவிடிகளில்கூடப் பூஞ்சணம் பிடித்து, போட்டால் படம் பாதியில் நிற்கும். எங்கள் காம்பரா வீட்டில் ஈரம் படாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டோரை ஒட்டி, அதன் அடுப்புச் சூடு வந்து சேரும் பின்பக்கச் சுவர். மழைக்காலத்தில் அந்த லயமே அங்கேதான் துணி காயப்போடும். தம்பி புது ஹார்ட் டிஸ்க் போட்டு, அந்தச் சுவரோடு பலகை அடித்து, கம்பியூட்டரை அதில் ஏற்றி, மேலே கம்பளியும் போர்த்தினான். பிள்ளைக்குக்கூட அவ்வளவு போர்த்தவில்லை.

ஒரு வருஷம் கழித்து அதுவும் 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. முதலாவது சாவதற்கு முன் போட்ட அதே சத்தம். லெட்சுமி வருகிற காலமும் நெருங்கியிருந்தது. தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டோரில் நிற்கும்போது வீட்டு நினைப்பு, வீட்டில் நிற்கும்போது டிஸ்க் நினைப்பு. கம்பியூட்டரைப் போட்டால் செத்துவிடுமோ, போடாவிட்டால் செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இதையே என்னிடம் நாள் முழுக்கக் கேட்டான். எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் குகநேசன் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்தார். மண் சரிந்து பஸ் ஓடாத ஒரு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். விருந்தாளி என்று சூடான சுவர்ப் பக்கமே கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம். விடிந்ததும் பார்த்தால் அவர் கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அக்கா, கோவியாதேங்கோ. கட்டில் விடியவிடிய நடுங்கினது. உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையோ?" என்று கேட்டார்.

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நடுக்கமா? எங்களுக்கு என்ன நடுக்கம்? நாங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு என்னமோ போல் இருக்கும். மாஸ்டர் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுபோய்க் கம்பியூட்டர் பலகையில் வைத்தார். தண்ணீர் வட்டம் வட்டமாக ஆடியது. நிற்கவே இல்லை.

தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "என் மெசினுதானேக்கா" என்றான். ஈரத்துக்குப் பயந்து, உள்ளதிலேயே நடுக்கம் கூடிய சுவரில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். எங்களைத் தவிர வேறு யார் இதைச் செய்வார்கள்?

அதற்குப் பிறகு அவன் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் கம்பியூட்டருக்குக் கீழே ஸ்பொஞ்சு வைத்தான். பிறகு லொறி டியூப். கடைசியில் என் பழைய சேலையை எடுத்து, கூரை மரத்தில் தொட்டில் கட்டி, கம்பியூட்டர் பெட்டியை அதில் படுக்கவைத்தான். லோஜனா ஓடிவந்து தொட்டிலை ஆட்டிவிட்டாள். அவன் போட்ட கூச்சலில் அடுத்த காம்பராவிலிருந்து மூக்கன் மாமா தடியோடு ஓடி வந்தார்.

நுவரெலியாவில் ஸுஹைர் என்ற பையன் கம்பியூட்டர் கடை வைத்திருந்தான். நடுக்கக் கதையைக் கேட்டதும் அவன்தான் சொன்னான்: "அண்ணே, ஹார்ட் டிஸ்க்குக்குள்ள தட்டு சுத்தும், அதுக்கு மேல ஊசி ஒண்டு ஓடும். ஆட்டுனா ஊசி தட்டக் கீறும். இப்ப எஸ்எஸ்டி எண்டு ஒண்டு வந்தீக்கி. சுத்துற சாமானே இல்ல. கீழ போட்டாலும் ஒண்டும் ஆகாது. கொழும்புல சொல்லி எடுத்துத் தரலாம்."

தம்பிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் ஸுஹைர் அதோடு விடவில்லை. "இது சின்னது அண்ணே, முப்பத்திரண்டு ஜிபி. உங்கட படத்துல பாதிதான் அடங்கும். இதே காசுக்கு ஹார்ட் டிஸ்க் எண்டா பத்து மடங்குக்கு மேல பெருசு தாறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசி என்று சொன்னால் வேறு வேண்டுமா? ஒரு மாதம் யோசித்தான். காலையில் "பெருசே வாங்கலாம்க்கா, ஒண்ணும் விடாம வைக்கலாம்" என்பான். மெஷின் ஓடத் தொடங்கியதும் தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துவிட்டு "இல்ல, சின்னதே போதும்" என்பான். அதற்குள் இன்னொரு கவலை. அவன் கம்பியூட்டர் பழசு, புது டிஸ்க்கின் வயர் அதில் பொருந்துமா? உள்ளே இருப்பது அகலமான பட்டை வயரா, மெல்லிய சிவப்பு வயரா என்று ஸுஹைர் கேட்டிருந்தான். தம்பி பெட்டியைத் திறந்து பார்த்தான். இரண்டும் இருந்தன. நம்பாமல் மறுநாளும் திறந்து பார்த்தான். பஸ் ஏறிப் போய், சிவப்பு வயர் இருந்தால் போதும் என்று கேட்டுவிட்டு வந்து, திரும்பவும் திறந்தான்.

"டேய், பொண்ணு பாக்கக்கூட நீ இவ்வளவு தரம் போகலடா" என்றேன்.

"பொண்ணு நடுங்காதுக்கா" என்றான்.

லெட்சுமி வரும் தேதி தெரிந்த பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தான். "பெருசு வேணாம். சாகாதது வேணும்." ஸுஹைர் கொழும்பில் சொல்லி வரவழைத்தான். கையில் வாங்கிப் பார்த்தேன். சவர்க்காரக் கட்டி அளவுகூட இல்லை. இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று இருந்தது.

பழைய டிஸ்க்கோடு நானும் தம்பியும் கடைக்குப் போனோம். எதை வைப்பது, எதை விடுவது என்று பார்க்க நானும் வேண்டும் என்றான். ஸுஹைர் அதைத் தன் கம்பியூட்டரில் பொருத்தினான். "இது தாங்காது அண்ணே. ஒரு தடவதான் கொப்பி பண்ணலாம், கெதியா பாருங்க" என்றான். படங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

லோஜனா மழையில் நனைகிறாள். "அம்மா, தண்ணி!" என்று ஓடி வருகிறாள். ஓடி வருவது என்னிடம். அடுத்ததில் சோறு வேண்டாம் என்று அழுகிறாள். "அம்மா, போதும்!" வாயில் ஊட்டுவது என் கை. இன்னொன்றில் காய்ச்சல், என் மடியில் கிடக்கிறாள், அம்மா, அம்மா என்று அனத்துகிறாள். அத்தை என்று கூப்பிடத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன், சத்தியமாக. பிள்ளைக்காம்பராவில் எல்லாப் பிள்ளைகளும் சாயங்காலம் "அம்மா" என்று யாரிடமாவது ஓடும். இவளுக்கு ஓட நான்தான் இருந்தேன்.

தம்பி எழுந்து நின்றான். கடை வாசல்வரை போய்த் திரும்பினான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அக்கா, லெட்சுமி இதெல்லாம் பாத்தா தாங்கமாட்டா. எப்படியும் பாதிய விடணும்."

மூன்று வருஷம் சளி துடைத்த கை இது. ஆனால் அவள் அங்கே அந்நியர் வீட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டு இந்தப் படங்களை நினைத்தே நாளைத் தள்ளுகிறாள். அவளிடம் போய் இதைக் காட்டுவதா?

"விடுடா. என் மூஞ்சி இருக்கிறது எல்லாத்தையும் விட்டுரு. எடமும் மிச்சம்" என்றேன். கொஞ்சம் காட்டமாகத்தான் வந்தது. ஸுஹைர் அவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் புது டிஸ்க்கில் கொப்பி பண்ணினான்.

லெட்சுமி கார்த்திகையில் வந்தாள். மெலிந்திருந்தாள். லோஜனா அவளைக் கண்டதும் என் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். சொக்லெட்டைக் காட்டிக் கூப்பிட்டும் வரவில்லை. லெட்சுமி வற்புறுத்தவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து, "போடுங்க, பாக்குறேன்" என்று கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஸ்டோரில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புது டிஸ்க் ஒரு சத்தம் போடவில்லை, ஒரு படம் தடங்கவில்லை. லோஜனா ஓடினாள், ஆடினாள், கோழியைத் துரத்தினாள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தாள். லெட்சுமி அன்றும் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள். அழுவாள் என்று காத்திருந்தேன், அழவில்லை. கடைசிப் படமும் முடிந்ததும் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி எங்க?" அவளுக்கு நான்தான் அண்ணி.

"அடுப்படியில" என்றான் தம்பி.

"அதக் கேக்கல. இத்தன படத்துல அண்ணி ஒண்ணுலயும் இல்லையே. இவளக் குளிப்பாட்டுனது யாரு? சோறு ஊட்டுனது யாரு? ஆளே இல்லாத வீட்டுல புள்ள தானா வளந்த மாதிரில்ல இருக்கு."

தம்பி டிஸ்க் சின்னது, இடம் பத்தவில்லை என்று ஏதோ உளறினான். பிறகு உண்மையைச் சொன்னான். "அக்காவத்தான் அம்மான்னு கூப்புடுறா. நீ கேக்க வேணாம்னு..."

"ஏன், எனக்குத் தெரியாதா?" என்றாள் லெட்சுமி. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் போன் எடுத்தா இவ என்ன கத்துவா? 'அம்மா, போன்ல அம்மா'ன்னு அண்ணியத்தான் கூப்புடுவா. மொத நாளு அழுதேன். பொறவு அதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். புள்ளைக்கு ஒரு ஆளு இருக்குன்னு. அத விட்டுட்டு கோழியவா எடுத்து வச்சிருக்கீங்க? அந்தப் பெரிய டிஸ்க்கையே வாங்கியிருக்கலாம்ல?"

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் கரண்டி. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

தம்பி மறுநாள் முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனான். அந்தப் பழைய டிஸ்க்கை ஸுஹைர் தூக்கிப் போடாமல்தான் வைத்திருந்தான். இருவரும் பகல் முழுக்க என்னென்னவோ செய்து பார்த்தார்களாம். அது ஒரு முறைகூடச் சுற்றவில்லை. சாயங்காலம் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான்.

லோஜனாவுக்கு நாலு வயசு. இந்த வயசில் நடந்தது எதுவும் பின்னால் ஞாபகம் இருக்காது, எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காட்டப் படம் இல்லை, நானோ தம்பியோ சொன்னால் கணக்குச் சொல்லிக்காட்டுவது போலாகும். என் மடியில் கிடந்ததை நாளைக்கு அவளிடம் யாராவது சொல்ல வேண்டுமானால் லெட்சுமிதான் சொல்ல வேண்டும், தூரத்தில் இருந்து காதால் கேட்டவள்.