ஒற்றை வாரம், இரட்டை வாரம்

பதினேழு ஆண்டுகளில் நாலாயிரத்து இருநூறு பணிப் பட்டியல்கள். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஓட்டுநர் அதில் ஏறுவார், எங்கே இறங்கி டீ குடிப்பார் என்பதையெல்லாம் நிமிடக் கணக்கில் எழுதித் தந்தவர் அவர். பணிமனையில் ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நிமிஷக்கா’. கணினி வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டபோது நாற்காலி போயிற்று. பெயர் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது வயது நாற்பத்து மூன்று. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் வீடு. முன்னறை பதினொன்றுக்குப் பதின்மூன்று அடி. சோபாவைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு, தரையில் ரப்பர் பாய் விரித்து, இரண்டிலிருந்து நான்கு வயது வரையுள்ள ஆறு குழந்தைகளை அங்கே இரண்டு மணி நேரம் விளையாட விடுகிறார். மரக்கட்டைகள், அட்டைப் பெட்டிகள், ஒரு பேசின் தண்ணீர், நாலைந்து குவளைகள். ஒரு தகப்பன், “எழுத்தெல்லாம் சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“தண்ணி ஊத்தச் சொல்லித் தருவேன். கீழ சிந்தினா துடைக்கச் சொல்லித் தருவேன். ரெண்டும் உங்களுக்கு வருமா?” என்றாராம் நிமிஷக்கா. அந்தத் தகப்பன் டாக்ஸி ஓட்டுகிறவர். மறுநாளே மகளைக் கொண்டுவந்து விட்டார்.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் ஒரு பல் மருத்துவர். ஆறு வாரம் நடத்திப் பார்க்கச் சொன்னார். அதற்குள் மாறாத ஒரு கால அட்டவணையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தந்தால் ஓராண்டு அனுமதி, தராவிட்டால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

“எந்தக் கிழமை, எத்தனை மணி, அவ்வளவுதான் எனக்கு வேணும். கண்ட நேரத்துல குழந்தைங்க லிஃப்ட்ல ஏறி இறங்கினா எல்லாரும் என்கிட்ட வந்துதான் கத்துவாங்க. நாள் பூரா நான் அடுத்தவங்க வாயைப் பாக்கறேன். வீட்டுக்கு வந்தும் அதே பொழப்பா?” என்றார் செயலாளர்.

ஒரு நகரத்துப் பேருந்துகளையே ஓட வைத்தவருக்கு இது பெரிய காரியமாகத் தெரியவில்லை. பெற்றோர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, எந்த நேரம் வசதி என்று எழுதச் சொன்னார். பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை என்பதற்கு ஐந்து ஓட்டு விழுந்தது. அப்படியே தொடங்கினார். முதல் நாள் மூன்று குழந்தைகள் தோளில் தூங்கியபடியே வந்தன. மீதி மூன்றும் இரண்டரைக்குக் கட்டைகளின் மேலேயே சாய்ந்துவிட்டன. வாரம் முழுக்க இதே கதை. பெற்றோர்களுக்கு ஏக சந்தோஷம்.

“எப்படிக்கா பண்றீங்க? வீட்டுல இவன் கண்ணையே மூட மாட்டான்!” என்றார் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தாய்.

“நான் எதுவும் பண்ணலம்மா. அதுதான் பிரச்சினையே.”

டாக்ஸிக்காரர் அந்த இடத்துக்குத் ‘தூக்கக் கிளப்’ என்று பெயர் வைத்தார். தனக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று விசாரித்தார்.

தொழிலில் கற்ற முதல் பாடத்தையே மறந்துவிட்டோம் என்று நிமிஷக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பயணிகளிடம் நேரம் கேட்டு எந்தப் பணிமனையும் பட்டியல் போடுவதில்லை. நிறுத்தத்தில் நின்று தலைகளை எண்ணித்தான் போடுவார்கள். ஆறு வீட்டுக்கும் கட்டம் போட்ட தாள் ஒன்று போனது. குழந்தை எப்போது எழுந்தது, எப்போது தூங்கியது என்பதை மட்டும் ஒரு வாரம் குறிக்க வேண்டும். ஆறு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை ஆறு பேரும் விழித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த வீட்டில் அந்த இரண்டு மணி நேரம் தூங்குகிற ஒருவர் உண்டு. அவருடைய கணவர். குடிநீர் ஏற்றும் பம்ப் நிலையத்தில் இரவு ஆபரேட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி வேலை. வேலை முடித்து வந்து, எட்டு மணிக்குப் பின்னறையில் படுத்தால் மதியம் இரண்டுக்குத்தான் எழுந்திருப்பார். பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரே சுவர், அதிலும் ஒரு கதவு.

“நாலு மோட்டார் சேந்து ஓடினா எனக்குத் தாலாட்டு மாதிரி இருக்கு. ஒரு மரக்கட்டை விழுந்தா நெஞ்சு தூக்கிப் போடுது” என்பார்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால், இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி தூங்குகிறவர் அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி தூங்குவார். நிமிஷக்கா அதற்கேற்ற மாதிரி ஒரு பட்டியல் போட்டார். ஒற்றை வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி. இரட்டை வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி. இப்படிப்பட்ட பட்டியலில் எண்ணூறு ஓட்டுநர்கள் ஒரு தடவைகூடத் தடம் மாறியதில்லை. ஆறு குடும்பம் தடம் மாறக்கூடும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

அந்தப் பட்டியலின் இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, கணவர் விழித்திருக்க வேண்டிய நாளா தூங்க வேண்டிய நாளா என்று கேட்டால் தூங்க வேண்டிய நாள். ஒன்பதரைக்கு வாசலில் நான்கு குழந்தைகள்.

“இது இரட்டை வாரம்ங்க.”

“அப்படியா? போன வாரம்தான் இரட்டைன்னு நினைச்சேன்” என்றார் மருந்துக்கடைத் தாய். மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே அவர் படியிறங்கிவிட்டார். டாக்ஸிக்காரருக்கு வேறு சந்தேகம்.

“அக்கா, ஒற்றைங்கறது மாசக் கணக்குலயா, வருசக் கணக்குலயா?”

குழந்தைகளை வாசலிலேயே நிற்க வைக்க முடியுமா? உள்ளே விட்டு, எல்லோரும் ரகசியமாகப் பேசி விளையாட வேண்டும் என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். அது நான்கு நிமிடம் தாங்கியது. ஐந்தாவது நிமிடம் பின்னறைக் கதவு திறந்தது. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற கணவரிடம் டாக்ஸிக்காரரின் மகள் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. அந்த வாரம் இதேபோல இன்னும் இரண்டு காலைகள் போயின.

மூன்றாம் முறையும் தூக்கம் கெட்டு வேலைக்குப் போனவர் அளவுமானியின் முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். மேல்நிலைத் தொட்டி நாற்பது நிமிடம் வழிந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த தடவை வேலையே போகும் என்று மேற்பார்வையாளர் வாயாலும் சொன்னார். செயலாளர் கொடுத்த கெடுவுக்கு அப்போது ஐந்து நாள் பாக்கி.

“விட்டுடலாம்ங்க. சோபாவை உள்ள தள்ளிடறேன்” என்றார் நிமிஷக்கா, சமையலறை மேஜையில்.

கணவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“பதினேழு வருசம் ஊருக்கெல்லாம் பட்டியல் போட்டே. உனக்குன்னு ஒண்ணு போட முடியலையாக்கும்.”

“என் பட்டியல் சரியாத்தான் இருக்கு. உங்க ஷிஃப்ட்தான் குறுக்க நிக்குது. அதை யார் போட்டது?”

“யாரும் போடல. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாத்தாங்க. நாங்களும் அப்படியே பாக்கறோம்.”

“எழுத்துல இல்லையா?”

“ரெண்டே பேரு. இதுக்கு எதுக்கு எழுத்து?”

யாருமே போடாத ஒரு பட்டியலோடு நிமிஷக்கா பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். ஊரில் எந்த ஷிஃப்டைப் பார்த்தாலும் எந்த அதிகாரி போட்டது என்று கேட்கிறவர், இதை மட்டும் சூரிய உதயம் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை ஒரு தாளோடு பம்ப் நிலையத்துக்குப் போனார். இன்னொரு ஆபரேட்டருக்கு ‘வால்வு’ என்று பெயர். எதையும் திறக்க யோசிப்பவர், திறந்தால் மூடத் தெரியாதவர். தாளில் கிழமைகள் இருந்தன. கணவருக்குத் திங்கள், புதன், வெள்ளி இரவு. வால்வுக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு. சனிக்கிழமை இரவை இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“மாத்தி மாத்தி எல்லாம் வேண்டாம் அண்ணி. சனிக்கிழமையை அண்ணனே எடுத்துக்கட்டும்” என்றார் வால்வு.

“அப்ப அவருக்கு நாலு, உங்களுக்கு மூணு. என்ன நியாயம் இது?”

“மச்சான் வீட்டுல சனிக்கிழமை சீட்டு. பாதி சனிக்கிழமை நான் இங்க கெடக்கேன், அங்க அவன் பாட்டுக்கு ஜெயிச்சிட்டே இருக்கான். பன்னண்டு வருசமா பொறுத்துட்டேன். சனிக்கிழமை இல்லேன்னா நான் பழைய மாதிரியே இருந்துக்கறேன்.”

பேரம் படியவில்லை. நிமிஷக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். வாரத்துக்கு நாலு ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாமே தூக்கத்தில் போய்விடும். இதுவரை பாதி ஞாயிறாவது இருவரும் சேர்ந்து வெளியே போக முடிந்தது, இனி அதுவும் இல்லை.

கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“திங்கள், புதன், வெள்ளி காலைல நான் முழிச்சிருப்பேன்?”

“ஆமாம்.”

“ஆறு வாண்டுகளோட.”

“நீங்க ஒளிஞ்சுக்க வேற இடம் இல்லை.”

“சரி, வால்வுகிட்டச் சொல்லிடு” என்று அவர் எழுந்து போனார்.

தொட்டி வழிந்த விவகாரம் மேற்பார்வையாளர் மனதில் இன்னும் ஈரமாகவே இருந்தது. யார் எந்தக் கிழமை வந்தாலும் இனி ஒரு சொட்டு கீழே விழக் கூடாது என்று சொல்லிவிட்டு, அந்த நிலையத்தின் முதல் எழுத்துப் பட்டியலில் கையெழுத்திட்டார்.

கெடுவின் கடைசி நாள் காலை, பல் மருத்துவர் கிளம்பிக்கொண்டிருந்தபோது நிமிஷக்கா அட்டவணையைக் கொடுத்தார். மூன்று கிழமைகள், ஒரே நேரம், இரண்டு வரி. அவர் நின்றபடியே படித்தார்.

“இதுல ஒற்றை, இரட்டை எதுவும் இல்லையே?”

“இல்லைங்க.”

“டாக்ஸிக்காரர் லிஃப்ட்ல வச்சு ரெண்டு தடவை விளக்கினார். எனக்குத் தலையைத்தான் சுத்திச்சு” என்று சொல்லி முத்திரை குத்தினார்.

வரும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கணவர் வேலைக்குப் போகிறார். திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் குழந்தைகள் வருகிறார்கள்.