கறுப்புக் கரை போட்ட பொங்கல் வாழ்த்து

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு ஒரு ரோஜா மாலை வந்தது. என் கணவருக்காக வந்த மாலை. கதவைத் திறந்து அதை வரவேற்றவரும் அவரேதான்.

மாலை வந்தால் மரியாதைதானே என்று கேட்பீர்கள். பொறுங்கள். சில மாலைகளைக் கழுத்தில் போடுவார்கள். சில மாலைகளை மார்பின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று அழுவார்கள். வந்தது இரண்டாவது ரகம்.

முதலில் என் கணவரின் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். மனிதருக்குச் சீட்டாட்டம் கிடையாது, சிகரெட் கிடையாது. வாழ்த்து அட்டை செய்வார். மார்கழி பிறந்துவிட்டால் போதும் - மற்ற வீடுகளில் வாசலில் கலர் கோலம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துப் பூப்பூவாக அச்சு வைப்பார். பழைய எக்ஸ்ரே பிலிமில் பொங்கல் பானை வடிவத்தை வெட்டியெடுத்து, அதன் மேல் டூத் பிரஷ்ஷால் கலர் தெளிப்பார். எந்த டூத் பிரஷ் என்பது மறுநாள் காலையில்தான் தெரியவரும். என் நெயில் பாலிஷ் கரும்பின் கணுக்களாகும். ஜிகினா இல்லாத இடமே வீட்டில் இருக்காது. ஒருமுறை ரசமே மின்னியது. குடித்துவிட்டோம்.

இத்தனைக்கும் தாம்பரம் மார்க்கெட்டில் கடைக்குக் கடை கயிறு கட்டி, கார்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மாடு, கரும்பு, சூரியன், குழந்தை, நடிகர், நடிகை - எது வேண்டும்? பார்த்தோமா, எடுத்தோமா, பேரை எழுதித் தபால் பெட்டியில் போட்டோமா என்று இருக்க வேண்டியதுதானே?

கேட்டேன். ஒரு முறையல்ல, வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிடுவார். இந்த வருஷம்தான் பசை ஒட்டிய விரல்களைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஆபீஸ்ல நாள் பூரா என்ன எழுதறேன்? 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது.' அதுல ஒரு வார்த்தையாவது என்னோடதா? கடைக் கார்டும் அப்படித்தான். கையெழுத்து மட்டும் நம்மது. ஒருத்தரை நெனச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்கார வேணாமா?"

எனக்குச் சட்டென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. தினமும் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஃபைலில் முகம் புதைத்து, இருட்டிய பிறகு திரும்புகிற மனிதர். யாரையாவது நினைத்துக்கொண்டு உட்கார அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அந்தச் சாக்குக்குப் பெயர் வெண்டைக்காய். போகட்டும், வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் அவர் அதிக நேரம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தது சம்பந்தி வீட்டாரை.

எங்கள் மகள் சுதாவுக்குக் கார்த்திகையில் நிச்சயதார்த்தம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை ரவி, கிண்டியில் வேலை. அப்பாவுக்குப் படப்பை கடைத்தெருவில் பாத்திரக்கடை. மாசியில் கல்யாணம். அதற்கு முன் வருகிற முதல் பொங்கல் ஆயிற்றே, சும்மா விடுவாரா? உள்ளே கார்டு முழுக்கத் தங்க நிறம். அதை வைக்கிற கவரையும் தானே செய்தார். தங்கத்துக்கு எது எடுப்பாக இருக்கும்? கறுப்பு. வெள்ளைக் கவரின் நாலு ஓரத்திலும் கறுப்பு சார்ட் பேப்பரை மெல்லிசாக வெட்டி, அளவெடுத்து, கரை கட்டினார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டார். என் கண்ணில் காட்டவில்லை.

கறுப்புக் கரை போட்ட கவர் நம் ஊரில் எதற்கு வரும்? சாவுச் சேதிக்கு. இல்லையென்றால் கருமாதிக்கு. பிறந்ததிலிருந்து தமிழ்நாட்டில்தான் இருக்கிறார், எத்தனையோ கருமாதிப் பத்திரிகைகளைக் கையில் வாங்கியிருக்கிறார். அத்தனையும் தெரிந்த மனிதருக்கு அன்றைக்குக் கண்ணில் பட்டது தங்கமும் கறுப்பும் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. கூடவே ஓர் அழுகைச் சத்தம். யார் வீட்டில் என்று நான் யோசிப்பதற்குள் அது எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

"எங்கள வுட்டுட்டுப் போயிட்டீங்களே அண்ணா..."

பனியன், லுங்கி, மூக்கில் ஜிகினாவோடு என் கணவர் கதவைத் திறந்தார்.

"நான் எங்கயும் போகலீங்களே. வாங்க, உள்ள வாங்க."

வாசலில் சம்பந்தியம்மாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. பின்னால் சம்பந்தி, கையில் வாழையிலையில் சுற்றிய மாலை. படப்பையிலிருந்து பஸ் பிடித்து, மேற்குத் தாம்பரத்தில் இறங்கி, மாலை வாங்கி, ரயில்வே பாலம் ஏறி இறங்கி, இந்தப் பக்கம் செலையூருக்கு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தத்தன்று இவர் பஜ்ஜியை ஒரு பிடி பிடித்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள். கவரின் மேல் எங்கள் விலாசம், சுற்றிலும் கறுப்பு. கணக்கு தானாகவே கூடிவிட்டது.

எங்களுக்கு இன்னும் போன் வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு நம்பர்தான் அவர்களிடம் இருக்கிறது. அங்கே கூப்பிட்டு, "அவர் இருக்காரா, இல்லையா?" என்று எப்படிக் கேட்பது? புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

அழுகை பாதியில் நின்றது. சம்பந்தி மாலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அத்தனை பெரிய மாலையை எங்கே மறைப்பது?

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். "கறுப்புக் கரை போட்டு உங்க வூட்டுலேர்ந்து தபால் வந்தது சார். அந்த மாதிரி தபால உள்ள எடுத்துகினு போவ மாட்டோம். பிரிக்கவும் மனசு வரல. காம்பவுண்டு சுவர் மேல கல்லு வெச்சுட்டு வந்துட்டோம்."

என் கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. "அது... பொங்கல் வாழ்த்துங்க" என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். "மாசியில கல்யாணத்த வெச்சுகினு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையில்லை. சகுனம் பார்க்கிற குடும்பம். பெண் பார்க்க வந்தபோது எதிரே வெறுங்குடம் வந்ததென்று தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தவர்கள். கதவோரம் சுதா காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். ஒரு கவரின் கரையால் என் பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறதா? கடையில் ஒரு மாட்டுப் படம் வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா இந்த மனிதர்?

சுதா காப்பியைச் சம்பந்தியம்மாள் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி அடங்கிவிட்டது. ஆடை கட்டத் தொடங்கியது.

அப்புறம் அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சகுனத்தக் கண்ட நீ? பொய்யா சாவு சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு உனக்குத் தெரியாதா? அண்ணா நூறு வயசு இருப்பாரு. பேரப் புள்ளைங்களுக்கும் இதே மாதிரி கார்டு போட்டு எல்லாரையும் பேஜார் பண்ணுவாரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பஸ்ல அழுதுகினே வந்தேன் அண்ணி. கல்யாணம் தள்ளிப் போவுமேன்னு அழல. இந்தப் பொண்ணு அப்பா இல்லாம நிக்கும், அதக் கையோட நம்ம வூட்டுக்குக் கூட்டிகினு வந்துடலாமான்னு நெனச்சுகினே வந்தேன்."

சொல்லிவிட்டுப் பாலாடையை ஒதுக்கி, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். பெண்ணைப் பெற்றவளுக்கு மாசி வரைக்கும் என்னென்ன கவலை? மாமியார் எப்படி, குடும்பம் எப்படி, அங்கே போய் இவள் என்ன பாடுபடுவாளோ... ஜாதகத்தில் பார்த்தோம், நாலு பேரிடம் விசாரித்தோம். ஆனாலும் தூக்கம் பிடிக்கவில்லை. அன்றைக்குத்தான் மார்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இட்லி தீய்ந்துபோயிருந்தது. அதையும் சட்டினி தொட்டு எல்லோரும் சாப்பிட்டோம்.

புதன்கிழமை ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ரவி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பியதும் அவர் அம்மா முதல் வேலையாகக் கல்லை நகர்த்திக் கவரைப் பிரித்தாராம். "எங்கள் வீட்டுப் பொங்கல் இனி உங்கள் வீட்டிலும் பொங்கட்டும்" என்று உள்ளே இவர் எழுதியிருந்ததை, ரவியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். கார்டு இப்போது டி.வி.யின் மேல் நிற்கிறதாம். கவரையும் தூக்கிப் போடவில்லை. மஞ்சளைக் குழைத்து, கறுப்புக் கரை நாலிலும் அந்த அம்மாளே கெட்டியாகப் பூசி, கார்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம்.

யோசித்துப் பாருங்கள். கையால் செய்ததைக் கையாலேயே சரி செய்துவிட்டார். கடையில் வாங்கிய கார்டுக்கு யாராவது பஸ் பிடித்து அழுதுகொண்டு வருவார்களா? உட்கார்ந்து மஞ்சள்தான் பூசுவார்களா? ஒருத்தரை நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்றாரே என் கணவர் - பதிலுக்கு அவர்களும் நினைக்க வேண்டியதாகிவிடுகிறது. கார்டு செய்கிறவர்கள் இதற்குத்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வெண்டைக்காய் விலை ஏறிவிடும்.

மாலை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கொல்லையில் போடத்தான் சொன்னேன். மனிதர் அதைப் பிரித்து, ரோஜா இதழ்களை ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்து உலர்த்திக்கொண்டிருக்கிறார். அடுத்த பொங்கலுக்காம்.

ஆகவே வாசகர்களே, செலையூரிலிருந்து ரோஜா இதழ் ஒட்டிய வாழ்த்து உங்கள் வீட்டுக்கு வந்தால், பிரிப்பதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுகிறேன் - இங்கே எல்லோரும் சௌக்கியம்.