மாற்ற மறந்த மூக்கு

உலகத்தில் இதுவரை நடந்த போர்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் பெரியப்பா கொன்ற கணக்குக்குக் கிட்டே வராது. தினமும் ஊர் ஜனம் பல் விளக்குவதற்கு முன், மூன்று கட்டத்துக்குள் ஒருத்தனையாவது தீர்த்துக் கட்டிவிடுவார். மலையிலிருந்து உருட்டுவார், முதலைக்குப் போடுவார், ரயிலுக்கு அடியில் படுக்க வைப்பார். நேரில் பார்த்தால், கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலிமேல் ஏறி நின்று பெரியம்மாவைக் கூப்பிடுகிற ஆள்.

பத்திரிகையில் அவர் வரைந்த படக்கதையின் நாயகன் பெயர் கடப்பாரை. அவன் குத்தினால் எதிராளியின் பல் அடுத்த கட்டத்தில் போய் விழும். மேசைமேல் கண்ணாடி வைத்து, தன் கன்னத்தில் தானே அறைந்து, வலிக்கிற முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைவார். வில்லனுக்கு முகம் தேடி அலைந்ததே இல்லை. நல்ல பல்லைப் பிடுங்கிய டாக்டர், பஸ்ஸில் காலை மிதித்தவர் என்று யார்மேல் கோபமோ அவர் முகம்தான். மூக்கை மட்டும் மாற்றிவிடுவார். மூக்கு மாறினால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்பது அவருடைய தொழில் சூத்திரம்.

அந்த மாதம் மாட்டியவர் கீழே இருந்த கறிக்கடைக்காரர். கடை கழுவிய ரத்தத் தண்ணீரைப் படிக்கட்டில் ஊற்றுவார். பெரியம்மா அதில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிக் கிடந்தாள். கேட்கப் போன பெரியப்பாவிடம், "உம் பொண்டாட்டியைப் பறக்கக் கத்துக்கச் சொல்லு" என்றார் மனுஷன்.

அதே வாரம்தான் பத்திரிகைப் படக்கதை வரைகிறவர்களைப் பற்றிக் குறும்படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். விளக்குச் சூட்டில் வியர்த்து வழிய, "கையை இப்படி வைங்க, இன்னொரு தடவை" என்று படக்காரர் படுத்திய பாட்டில், பெரியப்பா மூக்கை மாற்ற மறந்துபோனார். கத்தரிக்காய் மூக்கு, நுனியில் இருந்த மரு உட்பட, அப்படியே அச்சாகிவிட்டது. மூன்றாவது கட்டத்தில் கடப்பாரை அதை அரவை யந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கறிக்கடைக்காரர் மேலே வந்தார். கதவைத் தட்டவில்லை. உதைத்தார்.

"இது யாரு மூக்குடா?"

"பொதுவான மூக்குங்க."

"மருவும் பொதுவா?"

முதல் அறையில் மூக்குக்கண்ணாடி ஜன்னலைத் தாண்டியது. இரண்டாவதில் உதடு கிழிந்து, வெள்ளைத் தாளெல்லாம் சிவப்பு. மைப்புட்டி உடைந்து ரத்தத்தோடு கலந்தது. பெரியம்மா வாணலியோடு வந்து கறிக்கடைக்காரர் முதுகில் ஒன்று போட்டாள். வாணலிதான் நெளிந்தது. அவர் தள்ளியதில் அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு கிடா மாதிரி பாய்ந்தார். கடப்பாரையாக இருந்தால் ஆள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருப்பான். பெரியப்பாவால் ஒரு பட்டனைத்தான் பிய்க்க முடிந்தது.

கறிக்கடைக்காரர் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றினார்.

"எந்தக் கைடா வரைஞ்சது? நீட்டு."

அந்தக் கை போனால் கடப்பாரை போனான், வீட்டு அடுப்பும் அணைந்தது. பெரியப்பா இடது கையை நீட்டினார்.

கறிக்கடைக்காரருக்குச் சந்தேகம். படக்காரர் பக்கம் திரும்பினார். "ஏங்க, நேத்துலேர்ந்து எடுக்கறீங்களே. இதுதானா?"

நேற்றிலிருந்து பெரியப்பாவின் வலது கையைத் தவிர வேறெதையும் எடுக்காத அந்த மனிதர் தலையை ஆட்டினார். "அதேதாங்க. இடது கைக்காரர். அதனாலதான் விளக்கை மாத்தி மாத்தி வச்சுச் சாகறேன்."

மேசையில் தாள் பறக்காமல் இருக்க வைத்திருந்த இரும்புக் கட்டியைக் கறிக்கடைக்காரர் எடுத்தார். ஒரே போடு. இரண்டு விரல் முறிந்தது. பெரியப்பா வாயே திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே, ஒரு கையில் கட்டோடு, இன்னொரு கையால் வில்லனுக்குச் சப்பை மூக்கு வைத்து அரவை யந்திரத்தை ஓடவிட்டார். அதைப் பத்திரிகையில் பார்த்த கறிக்கடைக்காரர், "வேற ஆளைப் போட்டுட்டாங்க. பழைய கை மாதிரி வருமா?" என்று வாடிக்கைக்காரர்களிடம் உச்சுக்கொட்டினாராம்.

இவ்வளவையும் எழுதியது பெரியப்பாவின் தம்பி மகன். பெரியப்பா அவனைக் கூப்பிடும் பெயர் தறுதலை. படித்து முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"பேச்செல்லாம் உன் பெரியம்மா சொன்னது. சரி. ஒரே போடு, வாயே திறக்கலைன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? படத்துலயே பாத்தேனே. முன் வரிசை."

"மூணு போடுடா. மூணாவதுக்கு நான் கதறினது திரை முழுக்க இருக்கு. என் உள்நாக்கே தெரியும்."

தறுதலை விட்டத்தைப் பார்த்தான்.

"சத்தமில்லாத படம். கண்ணை மூடிட்டா ஒண்ணும் தெரியாது, இல்ல?"

பெரியப்பா தாளை மடித்தார்.

"சரி, எப்பத் தொறந்தே?"

"பெரியம்மா உங்களுக்குத் தண்ணி கொண்டாந்தப்ப."