அண்ணா அப்படிச் சொல்லவில்லை

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, பந்தியில் அமருமுன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முன்பக்கங்களில் அண்ணியும் அவருடைய பிள்ளைகளான என் பெறாமக்கள் இருவரும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் இங்கே ஒரு பொய்யைத் திருத்துவதற்காக எழுதுகிறேன். அது என்னுடைய பொய். அண்ணாவின் பெயரில் சொன்னது.

அண்ணா வடமராட்சியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு நான்கு. அந்த வயதிலேயே எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட அணியில் பின்வரிசையில் நின்றார். அவருடன் விளையாடியவர்கள் யாரும் அவரைச் சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரிடம் பந்து தப்பும், ஆள் தப்பமாட்டான் என்றுதான் சொல்வார்கள். நாட்டில் பிரச்சினை முற்றியதும் பிரான்சுக்கு வந்தார். அகதி விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. ஒரு உணவகத்தின் நிலவறையில் ஆறு வருடம் பாத்திரம் கழுவினார். விசா கிடைத்தபின், பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில், மரக்கறிப் பகுதிக்குப் பொறுப்பாக, இருபத்திரண்டு வருடம் நின்றார்.

அந்தக் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கையில் எடுத்த முருங்கைக்காயை அண்ணா பறித்துத் திரும்ப வைத்துவிடுவார். முத்தல், வாங்காதேங்கோ என்பார். நேற்று வந்த கத்தரிக்காயை நேற்று வந்தது என்றே சொல்வார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் அண்ணா வேண்டாம் என்று சொல்வதைக் கேட்பதற்காகவே சனம் நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யிலிருந்தும் வந்தது. அவர் நல்லது என்று சொன்னால் முகர்ந்து பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அவருடைய வாய் பொல்லாத வாய். ஆனால் அந்த வாய்க்கு ஒரு விலை இருந்தது. அண்ணா வாழ்நாளில் சம்பாதித்தது அது ஒன்றைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

என்னை அவர் கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து கூட்டிப் போனார். எட்டு வருடம் கழித்துக் காண்கிறார். கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டது ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லைப் போல என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினார்.

பாரிசில் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஓர் அணி உண்டு. இப்போது விளையாடுகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கல்லூரியின் வாசலையும் கண்டதில்லை. தகப்பன்மார் படித்த கல்லூரிக்காக விளையாடுகிறார்கள். செப்டம்பரில் சங்கங்களுக்கு இடையிலான சுற்றுப்போட்டி நடக்கும். அதற்காக ஓகஸ்ட் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்னேயில் உள்ள மைதானத்தில் பயிற்சி. அண்ணாதான் பயிற்சியாளர். கடைசி ஞாயிறு பயிற்சி முடிந்ததும் எல்லோரும் புல்லில் இருப்பார்கள். குடும்பங்களும் வந்திருக்கும். ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிந்தபிறகு அண்ணா எழும்பி, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இந்த வருடம் அணி எப்படிப் போகும், யார் எப்படி விளையாடுவார்கள் என்று ஒவ்வொருவராக வாசிப்பார். அதற்கு 'வாசிப்பு' என்றே பெயர் வந்துவிட்டது.

பாராட்டு என்பது அதில் இருக்காது. என்னைப் பற்றி வாசித்த முதல் வருடத்தை நான் மறக்கவில்லை. "கோல் காக்கிறது என்ரை தம்பி. பந்து எந்தப் பக்கம் வருமெண்டு அவனுக்கு நல்லாத் தெரியும். மற்றப் பக்கம் பாய்வான்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அந்த வருடம் பதினொரு கோல் விட்டேன், அதில் ஏழு மற்றப் பக்கம் பாய்ந்து விட்டது. ஒரு முறை, பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி அறிவதற்கென்றே வாசிப்புக்கு வந்திருந்தார்கள். இவன் ஓடமாட்டான், ஆனால் நின்ற இடத்தைவிட்டு ஒருவராலும் அசைக்கமுடியாது என்று அண்ணா வாசித்தார். பெண்ணின் தகப்பன் அது போதும் என்று சொல்லி அங்கேயே சம்மதித்தார். இன்னொருவனின் தாய் அழுதுகொண்டு எழும்பிப் போனார். அடுத்த வருடம் அதே தாய் மகனையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து இருந்தார். அண்ணா பிழையாகச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை, அதுதான் காரணம்.

கடந்த ஆனி மாதம் அண்ணாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஓகஸ்ட்டில் அவரால் எழும்ப முடியவில்லை. பயிற்சி என் பொறுப்பில் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மாலையில் மருத்துவமனைக்குப் போவேன். அண்ணா தலையணையில் சாய்ந்தபடி பார்ப்பார். நிறுத்து என்பார், திரும்பப் போடு என்பார். சேலைன் ஏறுகிற கையால் திரையைத் தட்டுவார். வலிக்கு மருந்து கூட்டினால் கண் மங்குகிறது என்று சொல்லித் தாதியிடம் வேண்டாம் என்றார். கடைசி ஞாயிற்றுக்கு முதல்நாள் அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன்.

கிருஷாந்தின் முறை வந்தபோது அவர் படத்தை நான்கு தரம் போட்டுப் பார்த்தார். கிருஷாந்த் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். அவனுடைய தகப்பன் அண்ணாவோடு படித்தவர். கிருஷாந்துக்கு இரண்டு குழந்தைகள், ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிற தற்காலிக வேலை.

"உவன் இடக்காலை ஊண்டித் திரும்பேக்கை பார். முழங்கால் முடிஞ்சுது. உவனை ஆட்டத்திலை இறக்காதை. கெஞ்சினாலும் இறக்காதை."

எழுதினேன். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்தநாள் மைதானத்துக்குப் போனேன். அன்று எண்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அண்ணாவின் கடைசி வாசிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் முன்னமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளை விரித்தேன், என்னால் வாசிக்க முடியவில்லை. போகப்போகிற மனிதர், கடைசியாக நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார் என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். கண் தாளில் இருந்தது, வாய் வேறு சொன்னது. ஒவ்வொருவரையும் புகழ்ந்தேன். எல்லாம் அண்ணா சொன்னது என்று புகழ்ந்தேன். கிருஷாந்துக்கு வந்ததும், இந்த வருடம் அணியின் நம்பிக்கை அவன்தான் என்றேன்.

எங்கள் சனம் இறந்தவருக்குத்தான் இப்படிச் செய்யும். கல்வெட்டுப் பாடல்களிலும் நினைவு மலரிலும் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. நான் மூச்சோடு இருந்த மனிதருக்கு அதைச் செய்தேன்.

அணிப் பிள்ளைகள் அழுதார்கள். கிருஷாந்த் என்னிடம் வந்து, அண்ணை உண்மையிலேயே அப்படிச் சொன்னவரா என்று கேட்டான். ஓம் என்றேன். முழங்கால் நோவதால் இந்த வருடம் விளையாடுவதில்லை என்று சொல்லத்தான் அன்று அவன் வந்திருந்தானாம். அவனுடைய மனைவி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் ஆட்டத்தில் இருபதாவது நிமிடம். அவனை யாரும் தொடவில்லை. பந்து இல்லாமலே திரும்பினான், விழுந்தான், எழும்பவில்லை. ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றோம். சத்திரசிகிச்சை முடிந்தது, வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பாரம் தூக்குகிற வேலை இனி வேண்டாம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணாவிடம் தோற்றோம் என்று மட்டும் சொன்னேன். கோல் கணக்கைக் கேட்டார். கிருஷாந்த் இறங்கினானா என்று கேட்கவில்லை. தான் சொன்னதை நான் செய்திருப்பேன் என்று நம்பியிருந்தார்.

இரண்டு கிழமை கழித்துக் கிருஷாந்த் ஊன்றுகோலோடு மருத்துவமனைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அவனைத் தடுக்க ஒரு வழியும் தோன்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவன் சொன்னான்: "அண்ணை, நீங்கள் என்னை நம்பிச் சொன்னியள். அதாலைதான் இறங்கினனான். உங்கடை பேரைக் கெடுத்துப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அண்ணா என்னைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"ஓம் தம்பி. நான்தான் சொன்னனான். எனக்குப் பிழைச்சுப்போச்சு."

கத்தரிக்காய் விடயத்தில்கூடப் பிழைத்துவிட்டது என்று சொல்லாத மனிதர். கிருஷாந்த் அவருடைய கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனான். கதவு சாத்தியதும் நான் அண்ணா என்றேன். அவர் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"உன்னைக் காப்பாத்தச் சொன்னனான் எண்டு நினையாதை. பயிற்சியாளர் பொய் வாசிச்சவரெண்டு தெரிஞ்சால் அடுத்த வருசம் ஒருத்தரும் வரமாட்டினம். நான் சாகிறவன், நான் பிழை விட்டதாய் இருக்கட்டும். இனி என்னோடை கதையாதை."

அதன்பின் பதினொரு நாள் இருந்தார். நான் ஒவ்வொரு நாளும் போனேன். முகம் வழித்துவிட்டேன், கால் பிடித்துவிட்டேன். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. எனக்குச் சொல்லவேண்டியதையும் அண்ணியிடம்தான் சொன்னார். கடைசியாக என்னைப் பற்றிச் சொன்னது, அவனை வீட்டுக்குப் போகச் சொல்லு என்பது. பன்னிரண்டாம் நாள் காலையில் அண்ணியின் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

இதை ஒருவருக்கும் சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் எரிப்பகத்தில் என் பின்னால் நின்ற இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. நோய் வந்தபிறகு அவருடைய கண்ணும் பிழைத்துவிட்டது, பாவம், அந்தப் பெடியனின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார் என்றார் ஒருவர். மற்றவர், கடைசிக் காலத்தில் முகத்துக்காகக் கதைக்கப் பழகிவிட்டார் என்றார். அடுத்த கிழமை லா சப்பலில் அதையே இன்னொருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார், ஆறுதலுக்காக. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அண்ணாவின் வாய்க்கு இருந்த விலையை நான் ஒரு பின்னேரத்தில் விற்றுத் தின்றுவிட்டேன். அணிக்காக அவர் சொன்ன பொய்யை நான் காக்கவேண்டும் என்று அவர் விரும்பியிருக்கலாம். அந்த விருப்பத்தை நான் நிறைவேற்றப் போவதில்லை. ஒரு முறை அவர் சொல்லை மாற்றினேன், இப்போது இரண்டாம் முறையும் மீறுகிறேன்.

அண்ணா சொன்னது இதுதான். தாள் என்னிடம் இருக்கிறது. கோல் காக்கும் சுதன்: உயரம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதால் அந்த உயரம் வீண். பின்வரிசை நிரோஷன்: தலைமுடிக்குச் செலவழிக்கும் நேரத்தை ஓட்டத்துக்குச் செலவழித்தால் ஒரு ஆட்டம் தாங்குவான். நடுவில் அனோஜன்: பந்தைக் கண்டால் கொடுக்கமாட்டான், பிழையைக் கண்டால் உடனே மற்றவனுக்குக் கொடுப்பான். கிருஷாந்தைப் பற்றி அவர் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். அணியைப் பற்றி: முதல் ஆட்டத்திலேயே வெளியே வரும். பயிற்சியாளரைப் பற்றி, அதாவது என்னைப் பற்றி: "நல்லவன் எண்டு பேரெடுக்கிறதுக்கு ஆளையும் விப்பான்." அதையும் என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். பிறகு ஒருவருடைய முகத்திலும் முழிக்க ஏலாமல் போகும் என்றார். தெரியும் அண்ணி என்றேன். எழுத்துப்பிழை மட்டும் இரண்டு இடத்தில் திருத்தித் தந்தார்.

அண்ணாவின் நோயின்போது பக்கத்தில் நின்ற தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்த முதலாளிக்கும், பாடை சுமந்த அணிப் பிள்ளைகளுக்கும், தேவாரம் ஓதியவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த ஓல்னே அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. பயிற்சிப் பொறுப்பிலிருந்து நான் விலகிவிட்டேன். விலகினால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைக்கவில்லை.

தம்பி கிருஷாந்த், உன்னிடம் முன்கூட்டியே தனியாக வந்து சொல்லியிருக்கலாம். தனியாகச் சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், நான் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லோர் கையிலும் இருக்கிற தாளில் எழுதினேன். அண்ணா உன் முழங்காலைச் சரியாகப் பார்த்தார். சாகிற நேரத்திலும் அவருடைய கண் பிழைக்கவில்லை. உன்னை விழுத்தியவன் நான். நீ இதை வாசித்து முடிக்கும்போது நான் மண்டப வாசலில், இந்த மலரைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். எழும்பி வா. எல்லோருக்கும் கேட்க என்னைப் பற்றிச் சொல். நான் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.