ஒரு கையால் போட்ட தேநீர்

"வருத்தம் வர முந்தி இவர் வீட்டில தானா என்னென்ன செய்றவர், அம்மா?"

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் சிகிச்சை அறையில் வைத்து அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நோயை வருத்தம் என்கிறாள். என் மகளின் வயதுதான் இருக்கும். கதவில் தொழில்வழிச் சிகிச்சை என்று எழுதியிருந்தது. பாரிசவாதம் வந்து கை கால் விழுந்தவர்களுக்கு உடுத்தவும் சாப்பிடவும் கழுவவும் மறுபடி பழக்குவது அவள் வேலை. முன்பு என்ன செய்தாரோ அதையெல்லாம் திரும்பச் செய்ய வைக்கப் பார்ப்போம் என்றாள். என் கணவர் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

நான் யோசித்துப் பார்த்தேன். குளிப்பார். தண்ணீரைச் சுடவைத்து விளாவிக் கொடுப்பது நான். உடுத்துவார். சாரத்தையும் சட்டையையும் கட்டிலில் எடுத்து வைப்பது நான். சாப்பிடுவார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழும்புவார்.

"சவரம் எடுப்பாரு," என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"ஒரு தேத்தண்ணி கூட ஊத்திக் குடிக்கிறேல்லையோ?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அது பாதிச் சிரிப்பாகத்தான் தெரிந்தது. "இவ இருக்காளே," என்றார், குழறிக்கொண்டு.

வத்தேகமைப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபெக்டரியில் வாலிபத்திலிருந்து வேலை செய்த மனிதர். தூளை உள்ளங்கையில் போட்டு முகர்ந்து பார்த்தே இன்றைக்குக் கொழுந்து சரியாக வாடவில்லை என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கோப்பை தண்ணீர் கொதிக்க வைத்தது கிடையாது. நான் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் ஊற்றிக் கொடுத்தாள். திரும்பச் செய்ய வைக்கிறேன் என்று அந்தப் பிள்ளை சொல்கிறாள். எதைத் திரும்பச் செய்ய வைப்பது?

எனக்கு அவசரம் இருந்தது. கண்டி டவுனில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறேன். அவர் ஃபெக்டரியை விட்டு நின்ற பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான். ஒரே மகள் கத்தாரில் யாரோ ஒருத்தருடைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் விழுந்த நாளிலிருந்து நான் லீவில் இருந்தேன். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் கடை கடைதான். போன் எடுத்து, "அக்கா, சீசன் வருது. அடுத்த மாசம் பொறக்கையில வந்துருங்க. இல்லேன்னா நான் வேற ஆள் பாக்கணும்," என்றார். காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவேன். அதுவரை இவர் தனியாகக் கக்கூஸ் போகவேண்டும், மூடிவைத்த சோற்றைச் சாப்பிடவேண்டும், தொண்டை காய்ந்தால் எதையாவது குடிக்கவேண்டும். இது நடக்காவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

பார்க்க வந்தவர்கள் பிஸ்கட்டும் பால்மாவும் கொண்டு வந்தார்கள். "ஒன்னைய மாதிரி பொஞ்சாதி கெடைக்க அவரு குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வா, நான் இவர் பக்கத்தில் இருக்கிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்த அறையின் ஒரு மூலையில் சின்னக் குசினி மாதிரி வைத்திருந்தார்கள். தண்ணீர் கொதிக்கவைக்கும் கரண்ட் கேத்தல், கோப்பைகள், தேயிலைத்தூள் டின்கள். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கவேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கவேண்டும் என்று பழக்கினாள். சாரம் அவிழாமல் இருக்க இடுப்பில் லாஸ்டிக் தைக்கச் சொன்னாள். கக்கூஸ் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி அடிக்கச் சொன்னாள். பிறகு கேத்தலுக்கு வந்தாள். கோப்பை வழுக்காமல் அடியில் ஈரத்துணி. டின்னைத் தொடைகளுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு மூடியைத் திறப்பது. கேத்தலைத் தூக்காமல் மேசையிலேயே சரித்து ஊற்றுவது.

அவர் கையைக்கூட நீட்டவில்லை. என்னைப் பார்த்தார். நான் டின்னை எடுக்கப் போனேன்.

"அம்மா, நீங்க வெளியில போய் இருங்கோ."

"அவருக்கு ஏலாதும்மா."

"ஏலுமோ ஏலாதோ எண்டு நான் பாக்கிறன். நீங்க நிண்டா அவர் செய்யமாட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. போனேன். கதவு இடுக்கால் பார்த்தேன். அவர் டின்னைத் தொடைக்குள் வைத்தார். தூள் தரையில் கொட்டியது. அவள் குனிந்து எடுக்கவில்லை. அவர் திட்டினார். கடைசியில் ஒரு கோப்பை தேநீர் வந்தது. நான் உள்ளே போனதும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

வீட்டிலும் அதே மாதிரி ஒரு கேத்தலை வாங்கி வைத்துவிட்டு, நான் முற்றத்தில் போய் நிற்கப் பழகினேன். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. அதற்குள் கலஹாவிலிருந்து அவருடைய அக்கா வந்துவிட்டாள். வந்த அன்றே தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். தம்பியும் வாயைத் திறந்துகொண்டிருந்தார். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகியிருந்த மனிதர். கேத்தலை எடுத்து அலுமாரி மேல் வைத்துவிட்டாள்.

"ஆம்பளைய அடுப்படியில நிக்க வச்சிருக்கியே, வெக்கமா இல்ல? ஊரு என்னா பேசும்?"

"ஊரு வந்து கக்கூஸ் கழுவுமா மதினி?"

"நான் சாகுற வரைக்கும் என் தம்பிக்கு நான் செய்வேன்."

"அப்ப கூட்டிக்கிட்டுப் போங்க. இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டாந்து விடுறேன்."

அவளுக்குத் தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பிராதான், அந்த ஓர் அறையில் மகன் குடும்பமும் இருக்கிறது. அது தெரிந்தேதான் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள். பஸ் ஏறும்போது அழுதாளாம். அழட்டும். ஊட்டிவிடுவது லேசு. ஊட்டிவிட்டு ஊருக்குப் போய்விடலாம்.

அவர் என்னோடு பேசாமல் இருந்தார். நான் கேத்தலை இறக்கிப் பழைய இடத்தில் வைத்தேன்.

மாதம் பிறந்தது. சோற்றை மூடிவைத்தேன். கேத்தலில் பாதித் தண்ணீர், பக்கத்தில் டின், ஈரத்துணி. "போயிட்டு வாறேன்" என்றேன். பஸ்ஸில் வழி முழுக்க அவர் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டு கிடப்பதுதான் கண்ணில் நின்றது. கடையில் சேலை விரித்துக் காட்டும்போது ஒரு வாடிக்கைக்காரி நிறத்தைக் கேட்டாள், நான் விலையைச் சொன்னேன்.

திரும்பும்போது மழை. படிகளில் இறங்கி வந்து கதவைத் திறந்தேன். அறையில் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார், சட்டையை உட்புறம் வெளியே வரப் போட்டிருந்தார். ஆனால் அவராகவே மாற்றியிருக்கிறார். சோற்றுத் தட்டு காலியாக இருந்தது. சாரம் நனையவில்லை. அடுப்படி மேசையில் ஈரத்துணி, சிந்திய தூள். ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலை தப்பியது. நாளைக்கும் போகலாம். நின்று நின்று கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறையிலிருந்து அவர் குரல் வந்தது. பல நாளைக்குப் பிறகு என்னோடு பேசுகிறார்.

"வந்துட்டியா? ஒரு டீ ஊத்து."

எழும்பிப் போய் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கை தானாகச் செய்தது. இடது கையால் வாங்கி, கொட்டாமல் குடித்தார்.

"சாயம் பத்தல," என்றார்.

குடித்த கோப்பையைக் கட்டிலடியில் வைத்தார். நான் அதை எடுக்கவில்லை. காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும், அடியில் கறை காய்ந்து, அது அங்கேயேதான் இருந்தது.