வலப்பக்கத் துளை

என் ஜீப்பின் முகப்புக் கிராதியில் ஏழு இடைவெளிகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புக்கு ஒன்பது. அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம், என்னுடையதற்கு வலப்பக்கம். எண்ணத் தெரிந்த எவரும் என் பொய்யை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். ஒருவரும் எண்ணவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நானும் ஆடினேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வண்டிகளுக்குப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேஸ்திரிகளை ஏற்றிக்கொண்டு குழிக்குள் இறங்கி ஏறிய பழைய ஜீப் ஒன்று அங்கே செடி மண்டிக் கிடந்தது. அதை வாங்கிப் பெரம்பலூருக்குக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் வைத்துப் பிரித்துப் பூட்டினேன். போர் முடிந்து பல வருடம் கழித்துச் செய்த வண்டி அது. பாறைக்கு வைத்த வெடியைத் தவிர வேறு வெடிச்சத்தம் கேட்டிருக்காது.

பள்ளி, கல்லூரிக் கண்காட்சிகளுக்கு அதைக் கொண்டுபோக ஆரம்பித்தேன். முதலில் நிஜத்தைத்தான் சொன்னேன். அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கிற லேசான வண்டி கேட்டதையும், ஒரு சின்னக் கம்பெனி ஏழே வாரத்தில் முதல் வண்டியைச் செய்து நிறுத்தியதையும், அதன் வரைபடங்களை ராணுவம் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட, முதலில் செய்தவன் கடைசியில் டிரெய்லர் செய்யப் போனதையும் மூச்சு வாங்கச் சொல்வேன். ஆசிரியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் பக்கத்து ஸ்டாலில் எரிமலை பார்க்க ஓடிவிடுவார்கள்.

ஒருநாள் வாய் தவறி, "இது பர்மா சண்டைக்குப் போன வண்டி" என்றேன். அடடா! ஓடின பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து நிஜத்தை விட்டுவிட்டேன். பச்சைப் பெயின்ட் அடித்தேன், பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் போட்டேன். அதுவும் போதவில்லை. டிரைவர் சீட்டை ஒட்டிய தகட்டில் டிரில் மெஷினால் ஒரு துளை போட்டு, ஓரத்தைச் சுத்தியலால் உள்பக்கம் மடக்கி, உப்புத் தண்ணீர் தடவித் துரு ஏற்றினேன். ஜப்பான்காரன் சுட்ட குண்டு.

"வாயத் தொறந்தா பர்மா. ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று மனைவி கேட்டாள்.

"போடி, இதுல யாருக்கு என்ன நட்டம்?" என்றேன்.

அரியலூரில் ஒரு பள்ளியின் குடியரசு தின விழாவுக்கு ஆண்டிமடத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளோடு வந்திருந்தார். எண்பது தாண்டியவர். நான் பர்மா கதையை முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டுக் கிட்டத்தில் வந்தார்.

"தம்பி, எங்கப்பா பட்டாளத்துல டிரைவரு. நான் வயித்துல இருக்கறப்ப பர்மாவுக்குப் போனவரு. ஒரே ஒரு காயிதம் வந்துச்சு. கதவே இல்லாத குட்டி வண்டி ஓட்டுறேன், சேத்துல எறக்குனாலும் ஏறிடுதுன்னு எழுதியிருந்தாரு. அப்பறம் ஒண்ணுமில்ல."

"சேதி ஏதும் வரலையாம்மா?"

"செத்திருப்பாருன்னு தெரியாதா? ஆனா ஒருத்தரும் வந்து சொல்லலையே. எங்கம்மா சாகுற மட்டும் தாலிய எறக்கல. நானும் அவரு படத்துக்குப் பொட்டு வக்கல, மாலை போடல. கேதம் சொல்லாம எப்படிப் போடறது?"

சாவுச் செய்தியை ஒரு மனிதர் வாசலில் வந்து நின்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் கேதம் சொல்வது. அந்த வீட்டுக்கு அப்படி எவரும் வரவில்லை.

அவர் துளைக்குள் விரலை விட்டார். பிறகு சீட்டைப் பார்த்தார்.

"குந்தியிருந்தா வயித்துக்கு நேரா வருது. இப்படித்தான் போயிருப்பாரு, இல்ல தம்பி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா, அந்தக் காலத்து டிரைவர் உட்கார்ந்தது இந்தப் பக்கமே இல்லை, துளை போட்டவன் நான்தான் என்று. சுற்றி ஐம்பது பிள்ளைகள், தலைமையாசிரியர், கழுத்தில் எனக்குப் போட்ட சால்வை. "இருக்கலாம்மா" என்றேன். த்தூ! என்ன பிறவி நான்!

அவர் அழவில்லை. தகட்டைக் கையால் தடவிக்கொடுத்துவிட்டு, என் போன் நம்பரை மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

ஆடி அமாவாசைக்கு அவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து பஸ் ஏறினேன். ஜெயங்கொண்டம் தாண்டும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் படம். காக்கிச் சட்டை போட்ட இருபத்தைந்து வயதுப் பையன். நெற்றியில் ஈரம் காயாத சந்தனப் பொட்டு, கழுத்தில் மாலை, கீழே படையல். அவர் பிழைத்தாரா செத்தாரா என்று எண்பது வருடமாக யாரும் சொல்லாததை என் டிரில் மெஷின் சொல்லியிருந்தது.

"அம்மா, அந்த வண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல சாப்புடுங்க தம்பி. கேதம் சொன்னவங்கள வெறுங்கையா அனுப்பக்கூடாது" என்று வேட்டி துண்டு வைத்த தட்டை நீட்டினார். "இந்த ஆறு மாசமாத்தான் ராத்திரி தூங்குறேன்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாளே பட்டறைக்குப் போய் அந்தத் துளையை வெல்டிங் வைத்து அடைத்தேன். நட்சத்திரத்தைச் சுரண்டினேன். கண்காட்சிக்குக் கூப்பிட்டவர்களிடம் வண்டி ரிப்பேர் என்றேன். பெரிய யோக்கியன் ஆகிவிட்டதாக நினைப்பு. அந்த வேட்டியை மட்டும் கட்டவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

இந்த ஆடியில் அவர் மகள் போன் செய்தார். "அம்மாவுக்கு ரொம்ப முடியல சார். அமாவாசைக்கு வண்டி முன்னாலயே படைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கார் வச்சு நாளைக்குக் கூட்டியாரேன். அந்த ஓட்டைய ஒருதரம் தொட்டுப் பாக்கணுமாம்."

"வாங்கம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு டிரில் மெஷினை எடுத்தேன். மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். உப்பு டப்பாவை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வெல்டிங் தழும்பு இருந்ததால் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அதே இடத்தில் மறுபடியும் துளை போட்டேன். ஓரத்தை உள்பக்கம் மடக்கி, கிண்ணத் தண்ணீரில் உப்பைக் கரைத்தேன்.