வாசலில் நின்று சொன்ன வசனம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியராக இருந்தேன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம், நல்ல படிப்பு, கொஞ்சம் ஆங்கிலம். தோட்டத்துக்குப் பங்குக் குருவானவரான சுவாமி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும் சாகக் கிடப்பவர்களோடு இருந்து செபிப்பதும் என் பொறுப்பு. அவசரமென்றால் ஞானஸ்நானமும் கொடுக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தார்.

மழைக்காலத்துப் பிற்பகல் ஒன்றில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர் நனைந்தபடி ஓடி வந்தார்.

“ஐயா, பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க. மூச்சு நிக்கப் பாக்குது. வந்து தண்ணி ஊத்துங்கய்யா.”

“வாறன், நட” என்று அவரோடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடினேன். அறை வாசல் வரை ஓடினேன். அங்கே நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அது பிள்ளை பெற்ற அறை, துடக்கு, தீட்டு. அதைவிட, அவர்கள் எங்கள் வீட்டார் தொடாத சாதி. அந்த லயத்தில் எந்த வீட்டிலும் நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. கோயிலில் அவர்களோடு முழந்தாளிட்டிருக்கிறேன். வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. நீலம் பாரித்துக் கிடந்த ஒரு குழந்தைக்காகக்கூட அன்று என் கால் உள்ளே போகவில்லை.

“நீ தண்ணியை வார். வசனத்தை நான் சொல்லுறன்” என்றேன்.

தகப்பன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு செம்பை எடுத்துக் குழந்தையின் தலையில் வார்த்தார். நான் வெளியே நின்று, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே உன்னை ஞானஸ்நானம் பண்ணுகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. பிழைத்துக்கொண்டது. அடுத்த முறை வந்த சுவாமி, “தண்ணீரும் வசனமும் முறையாக நடந்ததா?” என்று கேட்டார். “ஓம் சுவாமி” என்றேன். அவர் மீதிச் சடங்குகளை மட்டும் செய்து முடித்தார். தாயும் தகப்பனும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சில ஆண்டுகளில் கண்டி நகரத்துப் பள்ளியொன்றுக்கு மாறினேன். உபதேசியார்களுக்கு நடந்த ஒரு வகுப்பில், வேறொரு சுவாமி ஞானஸ்நானம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று விளக்கினார். யாரும் கொடுக்கலாம், இந்துவோ முஸ்லிமோகூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும் என்றார். ஆனால் தண்ணீர் வார்ப்பவரே வசனத்தையும் சொல்ல வேண்டும். ஒருவர் வார்க்க, இன்னொருவர் சொன்னால் அது செல்லாது.

நான் செய்தது அதுதான். எழுந்து கேட்கவில்லை. கேட்டால், ஏன் அப்படிச் செய்தாய் என்ற கேள்வி வரும். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, கடவுளுக்குத் தெரியாதா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் வளர்ந்து முதல் நன்மை, முதல் நற்கருணை, வாங்கியதைக் கேள்விப்பட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

முப்பதுகளின் பிற்பகுதியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் பேக்கரியில் வேலை செய்யும் கத்தோலிக்கப் பையன். மாப்பிள்ளையின் பங்கும் அதுவே என்பதால், நான் பூசை காணும் கோயிலிலேயே கல்யாண ஓலை என்னும் அறிவிப்பை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சுவாமி சொன்னபோது வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஞானஸ்நானம் செல்லாதென்றால் அந்தக் கல்யாணமும் செல்லாது.

பூசை முடிந்ததும் சுவாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அவளுக்குத் திரும்பக் கொடுத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் ஏன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதை நான் சொல்ல மாட்டேன். நீர் போய்ச் சொல்லும்” என்றார்.

லயத்துக்குப் போனேன். வாசலில் நின்ற என்னைத் தகப்பன் வழக்கம்போல வெளியே கதிரை போட்டு உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கல்யாணப் பெண்தான் முதலில் பேசினாள்.

“அப்ப இத்தன வருசமா நான் நன்மை வாங்குனதெல்லாம் என்னாங்கய்யா? ஊரு முழுக்கச் சொல்லியாச்சு. இப்ப போயி நான் வேதக்காரியே இல்லன்னா சொல்லச் சொல்றீங்க?”

“பிழை என்ரது, பிள்ளை” என்றேன். “நான் உள்ளுக்கு வந்து வார்த்திருக்க வேணும். சாதி பார்த்து வெளியில நிண்டிட்டன்.”

தகப்பன் நிதானமாகச் சொன்னார்: “அது எங்களுக்குத் தெரியுங்கய்யா. அன்னைக்கே தெரியும். தண்ணி செல்லாதுங்கிறதுதான் தெரியாது.”

பதினாறு வருடத்துக்கு மேலாக நான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்தது, அவர்கள் அன்றே பார்த்துவிட்ட விஷயம். தெரிந்துகொண்டேதான் என்னைக் கும்பிட்டிருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், ஊர் பேசாதிருக்கக் கோயில் கதவைச் சாத்திவிட்டு, நீ முன்பே ஞானஸ்நானம் பெறாதிருந்தால் என்ற சொல்லைச் சேர்த்துச் சுவாமி அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தண்ணீர் வார்த்த கையும் வசனம் சொன்ன வாயும் ஒருவருடையவை. நான் பின்னால் நின்றேன். வெளியே வரும்போது தகப்பன், “நாளைக்கு வாங்கய்யா. சாப்புடாட்டியும் பரவால்ல, புள்ளய வந்து பாத்துட்டுப் போங்க” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. மறுநாள் போனேன், அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதனால் பழையது எதுவும் அழிந்துவிடவில்லை.

அவளுடைய ஞானஸ்நானத்தைப் பற்றிய சந்தேகம் அன்று தீர்ந்தது. எனக்குக் குழந்தையில் ஒரு குருவானவர் முறைப்படி கொடுத்த ஞானஸ்நானத்தில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தும், அந்த வாசலை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் என் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியதா என்றுதான் இந்த வயதிலும் சந்தேகப்படுகிறேன்.